பூந்தோட்டமும் நத்தைகளும்

ஒக்டோபர் மாதத்தில் இடைப்பருவ மழை தொடங்கியதும், கண்டி மாநகரைச் சூழவுள்ள ஊர்களில் பூந்தோட்டம் வைத்திருப்போர்க்கு ஒரு கவலையும் உடன் தொடங்கிவிடுகின்றது. மகாவலி கங்கை வளைந்தோடும் கட்டுகஸ்தோட்டையில் இக்கவலை சற்று மிகுதி எனலாம். கங்கைக்கரையின் ஈரலிப்பு, சரிவான வளவுகளில் மண் அரிந்து போகாவண்ணம் அடுக்கிய கற்கட்டுகள், அக்கற்களின் இடுக்குகளில் படர்ந்த பாசி, பலாவும் ஈரப்பலாவும் பரப்பும் நிழல் ஆகிய யாவும் மனிதனுக்கு இனிமை பயப்பன. அவை நத்தைக்கு அதனினும் இனிமை பயப்பன. மாலையில் இரண்டிலை விட்டுத் தளதளவென நின்ற செவ்வந்தி நாற்றுகள் விடிந்ததும் வெறுங் காம்புகளாக நிற்கும். டாலியாவின் குருத்து காணாமற் போயிருக்கும். பல மாதங்கள் காத்திருந்து கண்ட ஒர்க்கிட் மொட்டில் ஓர் ஓட்டை விழுந்திருக்கும்.

இதற்குப் பழி சுமப்போர் பலர். மயிர்க்கொட்டி என்பர் சிலர். எலி என்பர் வேறு சிலர். அயல்வீட்டுக் கோழியின்மீது குற்றம் சாட்டி உறவைக் கெடுத்துக்கொள்வாரும் உளர். வெயில் ஏறுமுன் சாடியின் விளிம்பையும் நிலத்தையும் உற்று நோக்கினால் உண்மை தெரிந்துவிடும். உலர்ந்த பசைபோல் மினுங்கும் ஒரு வெள்ளிக் கோடு செடியிலிருந்து கற்கட்டை நோக்கியோ குப்பைக்குவியலை நோக்கியோ செல்லும். அதுவே நத்தை விட்டுச் சென்ற கையெழுத்து. ஐயம் தீராதவர் இரவு எட்டு மணிக்குமேல் மின்சூளோடு சென்று பார்க்கலாம்.

சங்கத் தமிழில் இவ்வுயிருக்கு நந்து என்று பெயர். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது நந்தை ஈரறிவுடையதாகக் கொண்டார். மெய்யால் தொட்டறிதல், நாவால் சுவைத்தறிதல் என்பன அவ்விரண்டு அறிவுகள். அத்துணைப் பழங்காலத்தில் இவ்வளவு நுட்பமாக நோக்கியது வியப்புக்குரியது. தோட்டக்காரர் இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்து அறிந்திருத்தல் நன்று. நத்தையை இருளில் வழிநடத்துவது பெரும்பாலும் மணமே. அதன் தலையில் நீண்டு குறுகும் கொம்புகள் மோப்பம் பிடிக்கும் உறுப்புகள். நெடிய கொம்புகளின் நுனியிலே கண்ணும் உண்டு, ஆனால் அக்கண் ஒளியையும் நிழலையும் பிரித்தறிவதற்குமேல் அதிகம் உதவுவதில்லை. வாயினுள்ளே நுண்ணிய பற்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அமைந்த, அரம்போன்ற ஒரு நாக்கு இருக்கின்றது. இலையை அது கடிப்பதில்லை, அராவி எடுக்கின்றது.

ஓடுள்ளதும் ஓடில்லாததும் ஒரே குலத்தவையே. ஓடில்லா நத்தைக்குக் காலப்போக்கில் ஓடு சிறுத்து மறைந்துவிட்டது. ஆதலின் அது எந்தச் சிறு இடுக்கிலும் நுழையும். ஆனால் வெயிலைத் தாங்காது. ஓடுடைய நத்தையோ வறட்சி வந்ததும் உள்ளே ஒடுங்கி, வாயை மெல்லிய ஏட்டினால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காக உறங்கும். மழைக்குப்பின் அது திடீரெனத் தோன்றுவதன் காரணம் இதுவே. வானத்திலிருந்து விழுந்ததென்று சிறுவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அது காலடியில், மண்ணுக்குள்ளேயே இருந்தது.

கட்டுகஸ்தோட்டைத் தோட்டங்களில் பெருஞ்சேதம் விளைப்பது ஆபிரிக்க இராட்சத நத்தை. கபில நிறப் பட்டைகள் ஓடிய, கூம்புபோல் நீண்ட ஓடு. நன்கு வளர்ந்ததொன்றின் ஓடு ஒரு சாணை எட்டும். ஆண், பெண் என்ற பிரிவு இதற்கில்லை, ஒவ்வொன்றும் இருபாலி. ஒருமுறைக்கு நூறு முதல் நானூறு வரை முட்டையிடும். ஓராண்டில் பலமுறை இடும். முட்டைகள் பயற்றின் அளவில், வெளிறிய மஞ்சளாக, மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் குவிந்திருக்கும். ஓரிரு வாரத்தில் பொரிக்கும். குஞ்சு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தானும் முட்டையிடத் தொடங்கும். இக்கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் கூறப்படும் முறைகளின் பொருள் தானே விளங்கும்.

இந்த நத்தை இலங்கைக்கு உரியதன்று. கிழக்காபிரிக்காவே அதன் தாயகம். அங்கிருந்து இந்து சமுத்திரத் தீவுகளுக்கு வந்து, மொரீசியசிலே பெருகியது. 1847ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் அதனை மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஓட்டுயிர்களை ஆராய்ந்தவர். சௌரிங்கிப் பகுதித் தோட்டமொன்றில் சில நத்தைகள் விடப்பட்டன. சிறிது காலத்துக்குள் அவை அந்நகரெங்கும் பரவின. இலங்கைக்கு அது வந்தது 1900ஆம் ஆண்டளவில். விட்ட இடம் மலைநாட்டின் வட்டவளை. விட்டவர் ஒலிவர் கொலெற் என்பவர். அவரும் நத்தைகளில் ஈடுபாடு கொண்டு, இந்நாட்டு நத்தைகளைப் பற்றி எழுதிய அறிஞரே. பகைவரோ மூடரோ கொணர்ந்த கேடன்று இது. அறிவார்வம் மிக்க இருவர், தம் கையிலிருந்த ஓர் உயிர் நாளை என்ன செய்யும் என்று எண்ணிப் பாராமையால் வந்தது. இன்று தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் அது குடியேறாத வெப்பநாடு அரிது.

மற்றை நத்தைகளின் வரலாறும் பெரிதும் இதுபோன்றதே. 1999ஆம் ஆண்டு முதல் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையினரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து இலங்கையின் நிலநத்தைகளை விரிவாக ஆராய்ந்தனர். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களைத் தின்னும் சாம்பல்நிற ஓடில்லா நத்தை ஐரோப்பாவிலிருந்து வந்தது. தாழ்ந்த இடங்களின் தோட்டங்களில் காணும், தோற்பட்டைபோல் தட்டையான கரிய ஓடில்லா நத்தை ஆபிரிக்காவுக்குரியது. செடியேறும் சிறிய உருண்டை நத்தையொன்று கிழக்காசியாவிலிருந்து வந்தது. தோட்டத்துக்குப் பகையாவன ஏறக்குறைய எல்லாமே பிறநாட்டிலிருந்து, பெரும்பாலும் செடியோடும் சாடி மண்ணோடும் வந்து இறங்கியவை.

இலங்கைக்குரிய நத்தைகள் யாவை? ஏறத்தாழ இருநூற்றைம்பது நிலநத்தை இனங்கள் இத்தீவில் உள்ளன; அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அக்காவசு என்னும் மரநத்தைகள் அவற்றுள் அழகாற் சிறந்தவை. அகன்று உருண்ட ஓடு. தடித்து மடிந்த வாய்விளிம்பு சில இனங்களில் செக்கச் சிவந்து, சிலவற்றில் வெண்மையாக, மெருகிட்டதுபோல் விளங்கும். ஈரவலயக் காடுகளிலும் நிழல் மிகுந்த பழைய வளவுகளிலும் மரத்தண்டுகளில் அவை ஒட்டியிருக்கும். மரப்பட்டையில் படரும் பாசியும் பூஞ்சணமும் அவற்றின் உணவு. ரோசாச் செடியை நாடி அவை இறங்குவதில்லை. நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதும் அவற்றின் இயல்பன்று. சிலவாகிய பெரிய முட்டைகளையே இடும். ஆகவே ஒரு வளவில் பத்து மரநத்தைகளைக் கொன்றால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. பத்து ஆபிரிக்க நத்தைகளைக் கொன்றாலோ பதினொன்றாவது நத்தை அந்த இடத்தை நிரப்பிவிடும்.

பூச்செடியைக் காக்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். கையில் எடுத்துப் பார்ப்பவனுக்கு அது தெரியும். நிலத்தில் தூவிய நஞ்சுக்கு அது தெரியாது. மெற்றல்டிகைட் என்னும் மருந்து 1930ஆம் ஆண்டுகள் தொட்டு உலகெங்கும் நத்தைக்கொல்லியாக வழங்கிவந்தது. குளிசை வடிவில் விற்கப்படும் அம்மருந்தின் இரையை நாயும் பூனையும் விரும்பி உண்ணும். உண்டால் வலிப்பு வந்து இறத்தலும் கூடும். முள்ளெலியும் பறவைகளும் அதற்குப் பலியாயின. இக்காரணத்தால் பெரிய பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வெளியிடங்களில் அதன் பாவனை தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்குப் பதிலாக வந்துள்ள இரும்புப் பொஸ்பேற் இரை வீட்டு விலங்குகளுக்குத் தீங்கு குறைந்தது. எனினும் அதுவும் வந்த நத்தை எதுவென்று கேளாது. குழந்தைகள் தவழும் முற்றத்திலும், மழைநீர் நேரே கங்கையில் இறங்கும் சரிவான வளவிலும் நஞ்சைக் கடைசி வழியாகக் கொள்வதே அறிவுடைமை.

முதல் வழி கையாற் பொறுக்குதல். கேட்பதற்கு எளிமையாகவும் செய்வதற்கு அருவருப்பாகவும் தோன்றும் இம்முறையைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆனால் அதற்குக் காலம் பார்த்தல் வேண்டும். வறண்ட மாதங்களுக்குப் பின் பெய்யும் முதல் இரண்டு மூன்று மழைகளின்போது, உறங்கிக் கிடந்த பெரிய நத்தைகள் பசியோடு வெளிவரும். முட்டையிடுமுன் அவற்றை எடுத்துவிட்டால் அந்தப் பருவத்தின் போர் பாதி முடிந்தது. கொலைக்கு அஞ்சும் உள்ளங்கள் கண்டியிலும் அயலூர்களிலும் பல. அத்தகையோர்க்கும் இதுவே ஏற்ற வழியாகும். ஒக்டோபரில் ஒரு நத்தையை நீக்குபவர், டிசெம்பரில் நூறு நத்தைகளைக் கொல்லவேண்டிய நிலையைத் தவிர்க்கின்றார்.

வெறுங்கையாற் பொறுக்குதல் ஆகாது. எலியின் நுரையீரற் குருதிக்குழாயில் வாழும் ஒருவகை நுண்புழுவை 1935ஆம் ஆண்டில் சீனாவின் கன்ரன் நகரத்து எலிகளில் சென் என்னும் அறிஞர் கண்டு விவரித்தார். அப்புழுவின் குஞ்சுகள் எலியின் எச்சத்தின் வழியே நத்தையின் உடலுட் புகுந்து வளர்கின்றன. நத்தையையோ அதன் துண்டு கலந்த பச்சைக் கீரையையோ மனிதன் உட்கொள்ள நேர்ந்தால், அவை மூளையைச் சூழ்ந்த மென்சவ்வை அடைந்து கடுமையான தலைவலியும் காய்ச்சலும் விளைக்கும். ஆகவே இறப்பர் கையுறை அணிதலோ, பழைய கரண்டி, குறடு முதலியவற்றாற் பிடித்தலோ வேண்டும். பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். பூந்தோட்டத்தின் ஓரத்தில் வல்லாரை வளர்த்துச் சம்பல் அரைக்கும் இல்லங்களில், இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ஓடும் நீரில் கழுவுதல் இன்றியமையாதது.

பொறுக்கியவற்றை என்ன செய்வது? மிகப்பலர் செய்வது வேலிக்கு அப்பால் எறிதல். கொல்லவில்லை என்ற ஆறுதலும் தோட்டம் துப்புரவாயிற்று என்ற மகிழ்ச்சியும் ஒருங்கே கிடைக்கின்றன. அயலவரின் தோட்டத்தைப் பற்றி அந்நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. இது குறித்து ஒரு சுவையான செய்தி உண்டு. 2010ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலி பொதுமக்களிடையே ஓர் அறிவியற் போட்டி நடாத்தியது. தாம் எறியும் நத்தைகள் திரும்பி வருகின்றனவா என்ற வினாவோடு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து ஒரு பாட்டியார் முன்வந்தார். நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் அடையாளமிட்டு, எண்ணிக் கணக்கு வைத்தார். பரிசு அவருக்கே கிடைத்தது. அவை தம் இடத்தை நாடி மீளுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் அதே வினாவை ஆராய்ந்த அறிவியலாளர், ஏறத்தாழ இருபது மீற்றருக்கு மேல் கொண்டுசென்று விட்டாலன்றி நத்தை திரும்பிவிடும் என 2014இல் எழுதினர். அது ஆங்கில நாட்டுத் தோட்ட நத்தை. இங்குள்ள இராட்சதனோ அதனினும் பன்மடங்கு பெரியது. வேலியோரம் அதற்கொரு தடையா?

எனவே ஒரு வாளியில் செறிந்த உப்புநீரோ சவர்க்கார நீரோ வைத்து, அதில் இட்டு, மறுநாள் ஓரடி ஆழக் குழியிற் புதைப்பதே முறை. காலால் நசுக்கி அங்கேயே விடுதல் தவறு. நசுங்கியது மற்றை நத்தைகளுக்கும் எலிக்கும் விருந்தாகும். உயிருள்ள நத்தைகளைக் கங்கையில் எறிதலும் தகாது. அவை ஓட்டோடு மிதந்து கீழே வேறொரு கரையில் ஏறிக்கொள்ளலாம்.

இரவில் மழையில் நனைந்து தேட இயலாதவர்க்கு இரைச்சாக்கு உதவும். நனைத்த கோணிச்சாக்கை மாலையில் மரநிழலில் விரித்து, அதன்கீழ்ப் பப்பாசி இலை, கோவா இலை அல்லது பழத்தோலைப் பரப்பிவைத்தால், மணத்தை நாடிவந்த நத்தைகள் விடிந்ததும் அங்கேயே ஒதுங்கிக் கிடக்கும். கேரளத்தில் இந்நத்தை பெருகிய ஊர்களில் மக்கள் கையாண்டு பயன்கண்ட முறை இது. ஓடில்லா நத்தைக்கு ஈஸ்ட் எனப்படும் மதுவமும் சீனியும் கலந்த நீரை அகன்ற பாத்திரத்தில் நிலமட்டத்திற்குப் புதைத்து வைக்கலாம். புளித்த மணம் அவற்றை ஈர்க்கும்.

பாட்டியார் காலத்து மருந்துகள் சிலவற்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். அடுப்புச் சாம்பல் உலர்ந்திருக்கும்வரை தடையாகும். கட்டுகஸ்தோட்டையின் நவம்பர் மாதத்தில் சாம்பல் எத்தனை நாழிகை உலர்ந்திருக்கும்? உப்பைத் தூவினால் நத்தை சாகும். கூடவே செடியும் சாகும். முட்டைக்கோதை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடுவது இன்றும் பலர் விடாத வழக்கம். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகத்தார் 2018ஆம் ஆண்டில் முட்டைக்கோது, செப்புநாடா, கூர்மணற் சரளை, மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் சோதித்து, ஒன்றேனும் சேதத்தைக் குறைக்கவில்லை என்று கண்டனர். இராட்சத நத்தையைப் பொறுத்தவரை இதில் ஒரு நகைப்பும் உண்டு. அதன் பெரிய ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து மிக வேண்டும். அதற்காக வெள்ளையடித்த மதிலைக்கூட அராவித் தின்னும். அதற்கு முட்டைக்கோதைப் பரப்புவது, திருடன் வரும் வழியில் பந்தி வைப்பது போலாகும்.

கோப்பியின் கதை வேறு. ஹவாய்த் தீவில் ஒர்க்கிட் வளர்ப்பாரைத் துன்புறுத்திய நத்தைகளைப் பற்றி அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் எழுதினர். நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கபீன் கரைந்த நீர் அவற்றைக் கொன்றது. அதனினும் மெலிந்த நீர் இலையைத் தின்னவிடாது தடுத்தது. குடிக்கும் கோப்பியில் உள்ள கபீன் அதைவிட மிகக் குறைவு. ஆகையால் எஞ்சிய கோப்பிச் சக்கையைச் சாடியில் கொட்டிவிட்டு நிம்மதியாக உறங்குதல் இயலாது.

இயற்கையில் நண்பர்களும் உளர். மண்ணிறச் சிறகும் செந்நிறக் கண்ணும் கொண்ட செண்பகம், வேலியோரத்தில் நத்தையைத் தேடித் தின்னும் பறவை. அதனினும் வியப்பானது ஒருவகை மின்மினியின் புழு. இரவில் மங்கலாக ஒளிவிடும் அப்புழு நத்தையின்மீது ஏறிக் கடித்து, தன்னினும் பெரிய அதனை உண்டுவிடும். பேராதனையில் விவசாயத் திணைக்களத்தைச் சார்ந்த ஹட்சன், ஒஸ்ரின் என்போர் அதன் வாழ்க்கையை நுணுகி நோக்கி 1924ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். பின்னர் நத்தைத் தொல்லைக்கு மருந்தாக அம்மின்மினி பசிபிக் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டது. இரவெல்லாம் எரியும் மதில்விளக்குகளும் பூச்சிநஞ்சும் மின்மினிகளை அருகச் செய்வதால், தோட்டத்தின் ஒரு மூலையையேனும் இருளில் விடுதல் நலம்.

ஆயினும் நத்தைக்கு எதிரி என்ற காரணத்துக்காக எதையும் வெளியிலிருந்து அழைத்துவரல் ஆகாது. நத்தையைத் தின்னும் நத்தையொன்றை 1955இல் ஹவாய்க்கும் 1977இல் மூரியாத் தீவுக்கும் கொண்டுசென்றனர். அது இராட்சத நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய எழில்மிகு சிறு நத்தைகளைத் தின்றது. மூரியாவின் மரநத்தைகள் பத்தாண்டுக்குள் காடுகளிலிருந்து மறைந்தன. அயல்நாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் பாதுகாக்கப்பட்டவையே எஞ்சின. கொலெற் வட்டவளையிற் செய்ததை அங்கே அரசாங்கங்கள் செய்தன.

எஞ்சியிருப்பது அன்றாடக் கவனம். செடிக்கு மாலையில் நீரூற்றுவது வழக்கமாயின் அதைக் காலைக்கு மாற்றலாம். இரவில் நிலம் உலர்ந்திருந்தால் ஓடில்லா நத்தைகளின் சேதம் குறைதலை ஆய்வாளர் கண்டுள்ளனர். உடைந்த ஓடுகள், நனைந்த பலகைகள், கவிழ்த்துவைத்த சாடிகள் ஆகியன பகலில் அவை ஒளியும் இடங்கள். அந்தூரியம், பிகோனியா முதலியவற்றின் சாடிகளை நிலத்தில் வையாது உயர்ந்த தட்டில் வைத்தல் நன்று. தட்டின் கால்களை நீர்நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தினால் ஏறிவருதல் தடைப்படும். ஆனால் அந்நீரில் நுளம்பு முட்டையிடாவண்ணம் அடிக்கடி மாற்றல் வேண்டும்.

புதிய செடி வாங்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நாற்றுச்சாலையிலிருந்து மலரோடு வரும் சாடியின் அடித்துளையில் ஒரு குஞ்சு நத்தையோ, வேர்மண்ணில் ஒரு கொத்து முட்டையோ இருந்தால், இதுவரை நத்தை வராத தோட்டத்துக்கும் அது வந்துவிடும். செடியைச் சாடியிலிருந்து மெல்லக் கழற்றி, மண்கட்டியைச் சுற்றிப் பார்த்து, மற்றைச் செடிகளினின்றும் விலக்கி இரண்டு வாரமாவது தனியே வைத்திருக்க வேண்டும். மண்ணுக்குள் முட்டைகள் மறைந்திருப்பினும் அந்நாட்களுள் அவை பொரித்து, குஞ்சுகள் சாடியின் விளிம்பில் வெளிப்படும்.